மூன்றாவது கடையில் மீசையும் போயிற்று

வேலை கேட்கப் போனவன், வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தால் அவனை என்ன சொல்வது? வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். அக்கா வீட்டில் தங்கி, மாலை வகுப்பில் முடிதிருத்தக் கற்று, சான்றிதழும் வாங்கிவிட்டான். கத்தரி பிடிக்கத் தெரியும். வாய் திறக்கத்தான் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை அவனுக்குக் கடைசி வாய்ப்பு. திங்கட்கிழமையிலிருந்து டைல்ஸ் கிடங்கில் பெட்டி தூக்க வருவான் என்று அத்தான் தன் மேலாளரிடம் சொல்லிவிட்டார். அதற்குள் ஏதாவது ஒரு சலூனில் இடம் கிடைத்தால் தப்பித்தான். இல்லையென்றால் கத்தரியைத் துணியில் சுற்றிப் பரணில் போட வேண்டியதுதான்.

பஸ் நிறுத்தத்தில் நின்று ஒத்திகை பார்த்தான். ‘வணக்கம். நான் முடிவெட்டக் கத்துக்கிட்டிருக்கேன். உங்க கடையில வேலை இருக்குமா?’ நல்ல வாக்கியம்தான். முதல் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும், உள்ளே இருந்தவர் துணியை ஓர் உதறு உதறி, “வாங்க தம்பி, உட்காருங்க” என்றார். இவன் வணக்கம் சொல்வதற்குள் துணி கழுத்தைச் சுற்றிவிட்டது. கழுத்தில் முடிச்சு விழுந்த பிறகு என்ன பேச? வெட்டி முடித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். முடித்து எழுந்தால், அந்த நாற்காலியில் அடுத்தவர் உட்கார்ந்துவிட்டார். காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

இரண்டாவது கடையில் அந்த ஆபத்தே இல்லை என்று நினைத்தான். இப்போதுதானே வெட்டியிருக்கிறது? ஆனால் ஒருவர் வெட்டிய தலையை இன்னொரு சலூன்காரர் சும்மா விட்டதாகச் சரித்திரம் இல்லை. இவனைக் கண்டதும் அந்தக் கடைக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“யாருப்பா உன் மேல இவ்வளவு கோபமா இருந்தது? ரெண்டு காதுக்கும் மேல ரெண்டு விதமா நிக்குதே! உட்காரு, சரி பண்ணி விடறேன்.”

“இல்லண்ணே, நான் வந்து...”

“கூச்சப்படாதே. கெடுத்தவன் வேற ஆளு. உன் தப்பில்ல.”

சரி பண்ணினார். மூன்றாவது கடைக்காரர் அதையும் சரி பண்ணினார். விரலுக்குப் பிடிபட முடி இல்லாமல் போனதும், “இந்தத் தலைக்கு இந்த மீசை எடுபடாது” என்று மீசையில் இறங்கினார். இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போக, அதற்கு ஈடாக வலப்பக்கம் எடுக்க, மறுபடி இடப்பக்கம் தட்ட, பங்காளிச் சண்டையில் சொத்து கரைந்த கதையாகக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மதியம் வீட்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்து அக்கா, “யார் வேணும்?” என்றாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

நடந்ததைக் கேட்ட அத்தான் சிரிக்கவில்லை. “இதுக்குத்தான்டா சொல்றேன். கிடங்குல யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல. பெட்டி உன்னைக் கேள்வி கேக்காது.”

கேலியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவர் அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் சுட்டது. தன்னை நன்றாகத் தெரிந்த ஒருவர், யோசித்துப் பார்த்து, தனக்கு ஏற்ற இடம் என்று அதைத்தான் கண்டுபிடித்திருக்கிறார். ஒருவேளை அதுதான் சரியோ என்று தட்டைப் பார்த்தபடி அவனும் யோசித்தான். ஆனாலும் கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினான்.

நான்காவது கடையை நடத்தியது ஒரு பெண். எல்லாரும் அவளை மேடம் என்றார்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இவனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

“என்ன செய்யணும்? செய்யறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லையே?”

உட்காரச் சொல்ல அவளுக்கு வழியில்லை. உட்கார்ந்து தப்பிக்க இவனுக்கும் வழியில்லை.

“வேலை வேணும்,” என்றான். ஒத்திகை பார்த்த வாக்கியத்தில் வணக்கம் முதற்கொண்டு பாதி காணாமல் போயிருந்தது. “முடி வெட்டத் தெரியும். காலையில மூணு கடையில கேக்கப் போனேன். கேக்கறதுக்குள்ள வெட்டிட்டாங்க.”

கத்தரிச் சத்தம் நின்றது. பிறகு கடையே சிரித்தது. மேடமும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“என் கஸ்டமர் தலையை நம்பிக் கொடுக்க முடியாது. இங்க யார் வேலைக்கு வந்தாலும் வெட்டிக் காட்ட ஒரு தலையை அவங்கதான் கூட்டிட்டு வரணும். இருட்டறதுக்குள்ள வாங்க. சொந்தக்காரர் தலையா இருந்தா நல்லது. கெடுத்தா வீட்லயும் வாங்கிக் கட்டிக்கணும் இல்ல? அந்தப் பயத்துல ஒழுங்கா வெட்டுவீங்க.”

வீட்டில் கேட்கக்கூடிய தலை ஒன்றுதான் இருந்தது. அதை அத்தான் வருஷக்கணக்காக ஒரே கடையில், ஒரே ஆளிடம்தான் கொடுத்துவந்தார். காலையில் அவர் கண்ணாடி முன் நின்றால் அக்கா வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

“அத்தான், உங்க தலை வேணும்.”

“என்னது?”

“எதிரி கேக்கற மாதிரி கேக்கறான் பாருங்க,” என்றாள் அக்கா.

அவன் விஷயத்தைச் சொன்னான். அத்தான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். “நல்லா இருக்கே நியாயம்! வேலையும் நானே பார்த்து வச்சு, அது வேண்டாம்னு சொல்றதுக்குத் தலையும் நானே கொடுக்கணுமா?”

“மூணு பேர் தலையைக் கெடுத்தப்போ இவன் வாயைத் திறக்கல. இப்ப உங்ககிட்ட வந்து கேக்கறான். போயிட்டு வாங்களேன். முடிதானே, முளைக்கும்,” என்றாள் அக்கா.

“அவனுக்கு முளைக்கும்,” என்று முணுமுணுத்தபடி அத்தான் சட்டையை மாட்டினார்.

மேடம் கடை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் தெளித்துச் சீவியபோதுதான், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் பேசாத விஷயத்தின் முழு அளவு சின்னவனுக்குப் புரிந்தது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. பக்கத்திலிருந்து நீளநீளமாகக் கடன் வாங்கி அந்த இடத்தை மூடி வைத்திருந்தது. நுனியை மட்டும் தட்டிவிட்டால் அத்தானுக்குத் திருப்திதான். ஆனால் அதில் இவன் வெட்டிக் காட்டியது என்று எதுவும் இருக்காது. உண்மையைச் சொன்னாலோ அத்தான் எழுந்து போய்விடுவார். தலை போனால் வேலையும் போச்சு. பின்னால் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவன் குனிந்து அத்தான் காதருகே சொன்னான். “மேல கொஞ்சம் கம்மியா இருக்கு அத்தான். நீளமா விட்டு மூடினா, மூடியிருக்குன்னுதான் எல்லாரும் பார்க்கறாங்க. முழுக்கக் குட்டையா வெட்டிட்டா யார் கண்ணும் அங்க போகாது. வெட்டட்டுமா?”

கண்ணாடியில் அத்தானின் முகம் சிவந்தது. “எல்லாருமா? உங்க அக்காவுமா?”

“அக்காவும்தான்.”

அத்தான் துணிக்குள்ளிருந்து கையை எடுத்து உச்சியைத் தடவிப் பார்த்தார். “வழக்கமா வெட்டற அந்த ஆளு ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொல்லலையேடா,” என்றார். “சரி. வெட்டு.”

பக்கத்திலிருந்த நீள முடியை முதலில் வெட்டினான். பிறகு சுற்றிலும் அதே குட்டைக்கு இறக்கினான். முடித்ததும் மேடம் வந்து அத்தானின் பிடரியில் விரலை ஓட்டினாள். “இங்க முடி சமமா இறங்காம ஒரு படி நிக்குது. பழகினா போயிடும். நாளைக்கு ஞாயிறு, கூட்டம் தாங்காது. நம்ம கடைக்குத் திங்கள்தான் லீவு, செவ்வாய்க்கிழமை வந்துடுங்க.”

“சம்பளம்...” என்று அத்தான் ஆரம்பித்தார்.

“அதை அவர் கேக்கட்டும்.”

சின்னவன் கேட்டான். அவள் சொன்னது கிடங்கில் கிடைப்பதைவிடக் குறைவுதான். ஏதோ சொல்ல வாயெடுத்த அத்தான், கண்ணாடியில் தன்னை இன்னொரு தரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவர் மேலாளருக்குப் போன் போட்டார். “சார், நம்ம பையன் திங்கட்கிழமை வரமாட்டான்... இல்ல சார், சலூன்ல இடம் கிடைச்சிருச்சு... நான் சொல்லி வைக்கல சார், அவனே போய்க் கேட்டான்... ஆமா, அவனேதான்!”

பேசிக்கொண்டே நடந்தவர், வழியில் இருந்த ஒவ்வொரு கடைக் கண்ணாடியிலும் ஒரு நொடி நின்று போனார்.