எந்தப் பக்கம் ஓடியது வாயு

அவனுக்கு ஆய்வு மையத்தில் அவசரக்குடுக்கை என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவனுக்குத் தெரியும். அவன் ஆராய்ந்தது பிறந்து கொஞ்ச காலமே ஆன ஒரு ராட்சத நட்சத்திரத்தை. சுற்றியிருக்கிற வாயுவை எப்படி இழுத்துத் தின்று அது இவ்வளவு கொழுத்தது என்பதுதான் கேள்வி. நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு வாயு ஓடை தெரிந்தது. அது நம்மை விட்டு விலகினால் நட்சத்திரத்துக்குள் விழுகிறது. நம்மை நோக்கி வந்தால் நட்சத்திரம் அதை வெளியே துப்புகிறது. அவ்வளவுதான் சங்கதி. விழுகிறது என்று கட்டுரையே எழுதி வெளியிட்டுவிட்டான்.

ரேடியோ தொலைநோக்கியின் தரவுகளைச் சுத்தம் செய்து கொடுப்பவள் ஒரு மூத்த ஊழியர். எல்லாருக்கும் அவள் அக்கா. மூன்று மாதத்துக்கு முன்பு மைய அரங்கில் நடந்த ஒரு கூட்டத்தில், கோப்பில் இருப்பது வேகம் இல்லை, அதிர்வெண், அது ஏறினால் விலகும் வேகம் இறங்கும், படத்தைத் திருப்பிப் போடாமல் அப்படியே வரைந்துவிட்டீர்களோ என்று மெதுவாகத்தான் கேட்டாள். இவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கோப்பைக் குடுக்கிறதோட உங்க வேலை முடிஞ்சுதுக்கா" என்றான், இருபது பேர் முன்னால்.

இன்று அதே அரங்கில் அந்தக் கட்டுரையைப் பற்றி அவன் பேச வேண்டும். காலையில் படங்களைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. அக்கா சொன்னதுதான் சரி. எல்லாம் தலைகீழ். அந்த ஓடையை நட்சத்திரம் தின்னவில்லை, துப்பிக்கொண்டிருந்தது.

மேடையேறியவன், தரவில் ஒரு சின்னப் பிழை நேர்ந்துவிட்டது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்றான். யாரால் நேர்ந்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை. மையத்தின் தலைவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"பாத்துக் குடுக்கக் கூடாதாம்மா?"

அக்கா இவனைப் பார்த்தாள். வாயைத் திறப்பான் என்று காத்திருந்தாள். நம் வீரர் என்ன செய்தார்? குனிந்து மைக் வயரைச் சரிசெய்தார். அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இவன் பின்னாலேயே ஓடினான். படிக்கட்டருகே அவளை மறித்துக் கூனிக்குறுகி நின்றான்.

"மன்னிச்சிருங்கக்கா. தப்பு என்னோடது."

"திட்டினது எல்லார் முன்னாடியும். மன்னிப்பு மட்டும் தனியாவா தம்பி?"

அவள் இறங்கிப் போய்விட்டாள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்தபோது அரங்கில் பாதிப் பேர் எழுந்துவிட்டிருந்தார்கள். மேடையேறி மைக்கைப் பிடித்தான்.

"உக்காருங்க. நான் இன்னும் உண்மையைச் சொல்லல."