கிணற்றுக்காரியின் குரல்

நான்கு பாகங்கள் ஓடிய ஒரு பேய்ப்படத் தொடரில் வில்லன்கள் மூன்று பேருக்கும் அவள்தான் குரல் கொடுத்தாள். கிணற்றுக்காரி, எலும்புதின்னி, வாயில்லாதவன். வாய் இல்லாதவனுக்கு எதற்குக் குரல் என்று இயக்குநரிடம் கேட்டுப் பார்த்தாள். "அதுக்குத்தானேம்மா உங்களைக் கூப்பிட்டது" என்றார் அவர். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு நெஞ்சிலிருந்து முக்கி ஒரு சத்தம் எழுப்பினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். நேரில் பார்த்தால் ஆள் ஒல்லிக்குச்சி; பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிறவள்.

வெளியூர் வேலையெல்லாம் முடிந்து, வெகுநாள் கழித்து ஒரு மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். இவள் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"குட்டிமா, எங்கடி இருக்க?"

உள்ளே ஏதோ உடைந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் கண்ணாடி டம்ளர் சுக்குநூறு. தம்பி மகள் கட்டிலுக்கடியில், காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். பாவாடை நனைந்திருந்தது.

"அத்தைடா செல்லம், அத்தைதான்."

குழந்தை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

"என்ன ஆச்சு இவளுக்கு?"

தம்பி மனைவி கையைப் பிசைந்தாள். "ஒண்ணுமில்ல அண்ணி. சாப்பிட அடம் பிடிக்கிறா. அதான் உங்க தம்பி இதை..."

வாசல் பக்கம் கூட்டிப் போய், போனில் சத்தத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டினாள்.

"குட்டிமா... எங்க ஒளிஞ்சிருக்க? இன்னும் சாப்பிடலையா? நான் வரட்டுமா?"

கிணற்றுக்காரி. ஆனால் எந்தப் படத்திலும் இல்லாத வசனம். சும்மா வேடிக்கைக்கு ஒண்ணு பேசி அனுப்புக்கா என்று தம்பி கேட்டதும், காரில் போகும்போதே சிரித்துக்கொண்டு பேசி அனுப்பியதும் நினைவுக்கு வந்தன.

"தினமும் போடுவீங்களா?"

"தினமும் இல்ல அண்ணி. சாப்பிடலன்னா... தூங்கலன்னா... மருந்து குடிக்கலன்னா..."

"அப்ப தினமும்தான்."

போனைப் பிடுங்கி அந்தப் பதிவை அழித்தாள். திரும்பி வந்து, உடைசலை ஒதுக்கிவிட்டுக் கட்டிலருகே தரையில் படுத்தாள். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. தன் குரலுக்குத் தானே பயப்படுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

வெகுநேரம் கழித்துக் குழந்தையே கிசுகிசுத்தது.

"அத்தை, அது உங்களை முழுங்கிடுச்சா? இல்ல, நீங்க அதை முழுங்கிட்டீங்களா?"

அவள் வாயை அகலத் திறந்து காட்டினாள். குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"இருட்டா இருக்கு."

உதவுகிறேன் பேர்வழி என்று தம்பி மனைவி டார்ச் அடிக்கப் போனை நீட்டினாள். போனைப் பார்த்ததுதான் தாமதம், வீறிட்டபடி மறுபடி கட்டிலுக்கடியில் போய்விட்டது குழந்தை.

சாயங்காலம் வந்த தம்பி, "சின்னக் குழந்தைதானேக்கா, மறந்துடுவா" என்றான்.

படத்தின் ஐந்தாம் பாகத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டாள் அவள். குட்டிமா இப்போது அத்தையிடம் வருகிறாள், மடியில்கூட உட்காருகிறாள். ஆனால் அத்தை பேசினால் முகத்தைப் பார்ப்பதில்லை. கண் கொட்டாமல் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.