அருமனையில் இன்னொரு எபெத்மெலேக்கு

போதகர் காகிதத்தை விரித்தபோது புதுக்கடைக் கோவிலில் கைக்குழந்தைகள்கூட அழவில்லை.

மூணாறு மலையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை அனுப்பிய, இறந்தவர்களின் பட்டியல் அது. 1924, ஆடி மாதம். விடாமல் பெய்த மழையில் மலைச்சரிவு இடிந்து, ஆபீசும் ஆட்கள் குடியிருந்த லயங்களும் ஆற்றோடு போயிருந்தன. பேர் எழுதி வைத்திருந்த புத்தகமும் போய்விட்டது. பிழைத்தவர்களைக் கேட்டு, தகப்பன் பேரோ ஊரோ இல்லாமல், வெறும் பேர்களாக எழுதிப் புதுக்கடைப் பக்கத்துச் சபைகளுக்கு அனுப்பியிருந்தார்.

"இஸ்ரவேல்."

மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மூவருக்கும் மலையில் இஸ்ரவேல் என்று ஒரு மகன். ஒருத்தி மற்ற இருவரையும் பார்த்தாள். பிறகு மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

"சத்தியநேசன்."

இரண்டு பேர் எழுந்தார்கள்.

"எபெத்மெலேக்கு."

ஒருவரும் எழவில்லை. கோவில் மொத்தமும் ராஜபாய் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியது.

அந்தப் பேரை வைத்தவர் அவள் கணவர் நேசையன் வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் வகுப்பில் மட்டும் நான்கு நேசையன், ஐந்து இஸ்ரவேல். ஒருத்தன் செய்த குறும்புக்கு இன்னொருத்தன் அடி வாங்குவான். தன் மகனுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று, ராஜபாய் பிள்ளையுண்டாகியிருந்த ஒன்பது மாதமும் வேதத்தைப் புரட்டினார்.

"அர்த்தம், ராஜாவின் ஊழியக்காரன்" என்று அன்றைய போதகருக்கு விளக்கினார். "எபிரேயப் பேரு. சேறு நிறைஞ்ச குழியில கிடந்த தீர்க்கதரிசியைக் கயிறு விட்டுத் தூக்கினவன். கயிறு கக்கத்தை அறுத்துரப்பிடாதுன்னு பழந்துணியும் கூடப் போட்டானே, அவன்."

"தெரியும் வே. எந்தத் தகப்பனும் இதுவரை கேக்காத பேரு. ஞானஸ்நானம் கொடுக்கும்போ எனக்க நாக்கு உளுக்காம இருக்கணும்" என்றார் போதகர்.

ஊர் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் பையன்கள், "எந்த ராஜாவுக்குலே ஊழியம், திருவனந்தபுரத்து ராஜாவுக்கா?" என்று கேட்டார்கள். பையனும் சிரித்தான். படித்தான். இருபதாவது வயதில் தோட்டத்து ஆபீசில் கணக்கப்பிள்ளையானான். இருபத்திரண்டாவது வயதில் அவன் பேர் ஒரு காகிதத்தில் வந்தது.

உடல் வரவில்லை. யாருடைய உடலும் வரவில்லை.

பட்டியல் வாசித்த இருபதாம் நாள், அன்று எழுந்த மூன்று பெண்களில் ஒருத்தியான சத்தியபாயின் இஸ்ரவேல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். சத்தியபாய் துக்கம் கேட்க ராஜபாய் வீட்டுக்கு வந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எனக்க மவன் போயிட்டான்னு நானும் பாயில கிடந்தேன் அக்கா. இப்பப் பாருங்க, மீன் இல்லாமச் சோறு இறங்காதுன்னு வழக்கு பிடிக்கான்."

அவள் படலைத் தாண்டியதும் ராஜபாய் புருஷனைக் கூப்பிட்டாள்.

"கேட்டியளா. இன்னொருத்தன் இருப்பான்."

"எவன்?"

"அந்தப் பேருல இன்னொருத்தன். காயிதத்துல உள்ளது அவனாக்கும்."

"ஒருத்தருக்கும் இல்லாத பேருன்னு தேடி வச்சதுட்டி."

"நீங்க இந்த ஊருல தேடினிய. நாடு முழுக்கத் தேடினியளா? ஒரே ஒருத்தன் இருந்தாப் போதும். நான் காத்துக் கிடந்துருவேன்."

இருபது நாளாக அவள் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. வாத்தியார் மறுநாளே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஒவ்வொரு கோவிலாக ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் பார்த்தார். நேசையன் என்று விரல் நகர்ந்தது, இஸ்ரவேல், மறுபடி இஸ்ரவேல், ஜேசுதாஸ், ஞானம். எத்தனை இஸ்ரவேல்! ஒரு ஊரில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பேருக்கு அதே பேர் கொடுத்திருந்தார்கள். முன்பெல்லாம் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார். இப்போது, அந்தத் தகப்பன்மார் எவ்வளவு புத்திசாலிகள் என்று தோன்றியது.

இனயத்தில் மீன்பிடிக்காரர்களின் கோவிலையும் விடவில்லை. அங்கே பதிவேடு பார்த்த மரியஜான் கலகலப்பான ஆள். பேரை இரண்டு தரம் சொல்லச் சொன்னான்.

"வாத்தியாரே, இந்தப் பேரு எங்க கடப்புறத்துக்கு ஆகாது. வள்ளத்துல இருந்து ஒருத்தன் வெள்ளத்துல விழுந்தா, பேரைக் கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள ஆளு முங்கிருவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. வாத்தியார் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். மணலில் குடையை ஊன்றி அடுத்த ஊர்க் கோவிலுக்கு நடந்தார்.

புரட்டாசி பிறந்தது. பதினோராவது பதிவேடு, அருமனையில். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

எபெத்மெலேக்கு.

வரியை மேற்கொண்டு படித்தார். தகப்பன் செல்வதாஸ், கொத்தனார். தாய் தேவகனி. பிறந்த இடம், மூணாறு. பிறந்த மாதம்...

போன மாசி.

ஏழு மாதக் குழந்தை.

வீட்டை விசாரித்துப் போனார். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஓலை வீடு. முற்றத்தில் ஒரு இளம்பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி காயப் போட்டாள். படலைத் திறக்காமலே அவர் திரும்பினார்.

பத்து மைல் நடந்து வீடு வந்து சேரும் வரை யோசித்தார். உண்மையைச் சொன்னால் அவள் பிழைக்க மாட்டாள். பொய் சொல்லவோ அவருக்கு வராது.

"இருக்கு" என்றார். "அருமனையில ஒண்ணு இருக்கு."

ராஜபாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மலையிலயா?"

"மலையில இருந்ததுதான்."

"அப்பன் என்ன ஜோலி?"

"கொத்தன்."

ஒன்றுகூடப் பொய் இல்லை. வயதை அவள் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. அன்றைக்கு அவள் மீன்குழம்பு ஊற்றி ஒரு தட்டுச் சோறு தின்றாள்.

அதன்பின் நான்கு மாதம் அவள் நன்றாகவே இருந்தாள். மகனின் சட்டைகளை வெயிலில் போட்டாள். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுட்டாள். வாத்தியார்தான் மெலிந்தார். படலை ஆடினால் அவள் எட்டிப் பார்ப்பாள். அவள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

தை மாதத்தில் ஒரு காலை, ராஜபாய் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே நாலு படி அரிசி, ரெண்டு தேங்காய்.

"எங்க?"

"அருமனைக்கு. துட்டி கேக்க."

"இப்ப என்னத்துக்கு? தூரமாக்கும்."

"செத்தது அவளுக்க மவன். இவ்வளவு நாளும் நான் எனக்க பிள்ளையைத்தான் நினைச்சேன். பெத்தவ ஒருத்தி அங்க கிடந்து அழுவாளேன்னு நினைக்கல்ல. கூட ஒரு நேரம் இருந்துட்டு வருவோம்."

"நான் போய்ச் சொல்லிட்டு வாறேன்."

"ஆம்பள போய் என்னத்தைச் சொல்லுவிய? நடங்க."

வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். குழித்துறைப் பாலத்தில் ஒரு தரம், அதற்கப்புறம் ஏற்றத்தில் ஒரு தரம். அவள் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தன. ஜெபம் பண்ணுகிறவளை எப்படி நிறுத்துவது?

அதே முற்றம். அதே பெண். இப்போது குழந்தை பாயில் தவழ்ந்துகொண்டிருந்தது.

"செல்வதாஸ் கொத்தனுக்க வீடா, மக்கா?"

"ஆமா மாமி. அவரு வேலைக்குப் போயிருக்காரு. இருங்க."

ராஜபாய் மூட்டையை இறக்கினாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "உங்க வீட்டுல... எபெத்மெலேக்கு..." என்றாள்.

தேவகனி முகம் மலர்ந்தது. பாயிலிருந்து குழந்தையை வாரி எடுத்தாள்.

"இவன்தான் மாமி. அந்தப் பேரை இவ்வளவு தெளிவாச் சொல்லுகியளே. இங்க ஒருத்தருக்கும் வாயில வராது."

வாத்தியார் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

தேவகனி பேசிக்கொண்டே போனாள். "மலையில ஒரு கணக்கப்பிள்ளை அண்ணன் பேராக்கும். இவரு அங்க பேக்டரிக்குச் சுவரு கட்டப் போனாரு. எனக்கு நோவு வந்த அண்ணைக்கு, மாசியில காலந்தப்பி நல்ல மழை. லயத்துல முட்டளவு தண்ணி. அண்ணன் அவருக்க முறியை எங்களுக்கு விட்டுத்தந்துட்டு ஆபீஸ் வராந்தாவுல படுத்தாரு. பதினோரு நாளு. என்ன குளிரு தெரியுமா மாமி? பிறந்ததும் இவரு ஒரே பிடியா அந்தப் பேரையே வச்சுட்டாரு. வெள்ளத்துக்கு முன்னமே நாங்க மலை இறங்கிட்டோம்." பிறகு முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீங்க அண்ணனுக்க அம்மையா? மூக்கு அப்படியே இருக்கு. அண்ணன் சுகமா இருக்காரா? வெள்ளத்துக்குப் பிறகு ஒரு விவரமும் இல்ல."

கேட்டவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். காத்திருந்தாள்.

ராஜபாய் குழந்தையைப் பார்த்தாள். அது அவள் சேலைத் தலைப்பைப் பிடிக்கக் கை நீட்டியது.

"அவன் இல்ல, பிள்ள" என்றாள். "ஆடி மாசம் போயிட்டான்."

ஆறு மாதத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தேவகனி அழுதாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். பிறகு, பயந்த குரலில் கேட்டாள்: "இந்தப் பேரு இவனுக்கு இருக்கலாமா மாமி?"

"மாத்திரு."

"ஐயோ, அண்ணன் பேரு..."

"ஊருல பத்துப் பேருக்கு உள்ள பேரா வை. நாளைக்கு ஒரு காயிதம் வந்தா பத்து வீட்டுக்கும் நடக்கட்டும். உனக்கு ஒரு நாளாவது கூடக் கிடைக்கும். எனக்க வீட்டுக்கு அது நேரா வந்துச்சு."

மூட்டையை அவள் பக்கம் தள்ளினாள். "அரிசி இருக்கு. கொச்சனுக்குக் கஞ்சி வச்சுக் கொடு."

அடுத்த மாதமே பதிவேட்டில் அந்தப் பேரை அடித்துவிட்டு இஸ்ரவேல் என்று எழுதினார்கள்.

அன்று திரும்பும் வழியில் ஆற்றங்கரை தெரிந்ததும் ராஜபாய் நின்றாள்.

"வயசைச் சொல்லியிருக்கலாம்."

"நீ சாப்பிடல்ல" என்றார் வாத்தியார்.

"வரும்போ நான் என்ன ஜெபம் பண்ணினேன், தெரியுமா? அங்க உள்ளவன் செத்திருக்கணும்னு. எனக்குப் பிள்ள வேணும், அவன் செத்திருக்கணும். பத்து மைலும் அதுதான். போய்ப் பாத்தா, பாயில தவழுது."

அவர் அவளைத் தொடக் கை நீட்டினார். அவள் பின்வாங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை போதகருகிட்ட சொல்லணும், அடக்க ஆராதனை வைக்கதுக்கு. நீங்க சொல்லாண்டாம். நான் சொல்லுகேன். இப்ப முன்னால நடங்க."

அவர் முன்னால் நடந்தார். பாலத்தின் நடுவில் பின்னாலிருந்து அந்தச் சத்தம் தொடங்கியது. முதலில் மெதுவாக, பிறகு மாட்டுவண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கும் அளவுக்கு. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. அவள் தொடர்ந்து வருகிறாள் என்பதற்கு அந்த அழுகை ஒன்றுதான் அடையாளமாக இருந்தது. அது காதில் விழும் தூரம் விட்டு, புதுக்கடை வரைக்கும் நடந்தார்.