எக்கோ மெஷின் வந்த நாள்

இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ மெஷினை மூன்றாம் மாடிக்கு ஏற்ற நான்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். மருத்துவமனை லிஃப்ட் போன குளிர்காலத்திலேயே படுத்துவிட்டது. ஸ்தமேன் கீழ்ப்படியில் நின்று பாரத்தை வாங்கிக்கொண்டார். அதே மருத்துவமனையின் கொதிகலன் அறையில் முப்பது வருடம் கரி அள்ளிய தோள். இன்று மட்டும் அதன்மேல் மகன் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு.

"அண்ணே, கோட்டைக் கழட்டி வச்சிருக்கலாம். மாப்பிள்ளை மாதிரி வந்து மூட்டை தூக்குறியே!" மேல்முனையைப் பிடித்திருந்த கன்ச்சோ மூச்சு வாங்கச் சிரித்தான்.

"பேச்சைக் கொறைச்சுக் காலைப் பாத்து வைடா. நீ உருண்டா போகட்டும், மெஷின் உருளக்கூடாது."

இந்த மெஷினுக்காகத்தான் அவர் தலை குனிந்திருந்தார். பேத்தி கலினாவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. புதிதாக எக்கோ எடுத்தால்தான் தலைநகரில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுப்பார்கள். ஊரிலிருந்த இதய மருத்துவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். தலைநகரில் எக்கோ எடுக்கவோ இலையுதிர் காலத்துக்கு முன் இடமில்லை.

பிறவி இதயநோய் ஆராய்ச்சிக்கும் விழிப்புணர்வுக்கும் அரசு ஒரு திட்டம் தொடங்குகிறது, துணை அமைச்சர் வருகிறார், மேடைக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று மருத்துவமனை இயக்குநரே முன்பு ஒருநாள் கொதிகலன் அறைக்கு இறங்கி வந்து கேட்டிருந்தார். "எங்க வீட்டுப் புள்ள சந்தையில காட்டுற ஆட்டுக்குட்டி இல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார் ஸ்தமேன். வீட்டு நோயை வீதிக்குக் கொண்டுபோகும் வழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாது. சம்பந்தி வீட்டார் "உங்க ரத்தத்துலதான் கோளாறு" என்றபோதுகூட அவர் வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே கலினா பள்ளிக்கூட வாசலில் விழுந்தாள். மறுநாள் அவரே படியேறிப் போய் இயக்குநர் முன் தொப்பியைக் கழற்றி நின்றார்.

"படம் எடுத்துக்கங்க. ஆனா புள்ளைய முழுசாப் பாத்துச் சொல்லணும்."

"என் வாக்கு, ஸ்தமேன்."

இன்று மூன்றாம் மாடி அறை முழுக்கச் சிவப்பு பலூன். மருமகள் ஸ்லத்தினா தையல் ஆலையில் விடுப்பு கேட்டு வந்திருந்தாள். கட்டிலில் கலினா கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அமைச்சகத்துப் பெண் ஒருத்தி குனிந்து அவள் உதட்டில் ரோஸ் நிறச் சாயம் தடவினாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் ஸ்தமேன்.

"உதடு ரொம்ப நீலமாத் தெரியுது. படத்துல நல்லா இருக்காது, பெரியவரே."

"அந்த நீலத்தைப் பாக்கத்தானே கூப்பிட்டீங்க?"

அவள் சாய டப்பாவை மூடினாள். ஸ்லத்தினா மாமனாரின் கையைத் தொட்டாள். "விடுங்க மாமா. காரியம் ஆகட்டும்."

துணை அமைச்சர் வந்தார். எந்தக் குழந்தையின் இதயமும் இனி தனியாகத் துடிக்காது என்றார். கைதட்டினார்கள். தலைநகரிலிருந்து வந்த இளம் பெண் மருத்துவர் கலினாவைப் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கி, நெஞ்சில் ஜெல்லைத் தடவினார்.

"ஜில்லுனு இருக்கா? கொஞ்ச நேரம் அசையாமப் படுத்துக்கோ கண்ணு."

மருத்துவர் மெஷினின் பிளக்கை எடுத்து, செருகச் சுவரில் இடம் தேடியபோது அமைச்சகத்துப் பெண் தடுத்தாள். "இப்ப வேணாம் டாக்டர். திரை எரிஞ்சா கேமராவுல வெள்ளையா அடிக்கும்."

பிளக் தரையில் கிடந்தது. மருத்துவர் கருவியின் முனையைக் குழந்தையின் நெஞ்சில் வைத்துக்கொண்டு இருண்ட திரையைப் பார்த்தார். துணை அமைச்சரும் குனிந்து அதே திரையைப் பார்த்துத் தலையசைத்தார். கேமராக்கள் மின்னின.

பிறகு அறை காலியானது. அன்று திராட்சைத் தோட்டக்காரர்கள் கொண்டாடும் திரிஃபோன் திருநாள். திராட்சைக் கொடி வெட்டி மது வார்க்க மலையடிவாரத்தில் விருந்து காத்திருந்தது. மருத்துவரையும் கீழே காருக்குக் கூப்பிட்டார்கள். போகும்போது அவர் ஸ்லத்தினாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்தமேன் நடைவழியில் இயக்குநரை மறித்தார்.

"ஐயா, இன்னும் பாக்கலையே."

"மெஷின் மத்தியானம் அடுத்த ஊருல இருக்கணும். அங்கேயும் இதே விழா."

"கால் மணி நேரம் போதும்னு டாக்டரம்மாவே சொன்னாங்க."

"திட்டத்துல எல்லா ஊருக்கும் மெஷின் உண்டு, ஸ்தமேன். ஆராய்ச்சிக் குழு போட்டாச்சு. கொஞ்சம் பொறுங்க."

"நீங்க வாக்குக் குடுத்தீங்க."

இயக்குநர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல நாள் அதுவுமா வம்பு வேணாம். ஆளுங்களோட சேந்து அதைக் கீழ எறக்கிடுங்க. வண்டி நிக்குது."

கன்ச்சோ வாசலில் வந்து நின்றான். இம்முறை சிரிப்பில்லை. "அண்ணே... நீ வேணாம். நாங்க மூணு பேரே பாத்துக்கறோம்."

"மூணு பேரால ஆகாது," என்றார் ஸ்தமேன். கோட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் நாற்காலியில் போட்டார். முதுகை நிமிர்த்திக்கொண்டு மெஷினின் அடியில் கைகொடுத்தார்.

ஸ்லத்தினா துண்டை எடுத்து மகளின் நெஞ்சைத் துடைக்கப் போனாள். கலினா இரண்டு கைகளாலும் சட்டையைத் தாடை வரை தூக்கிப் பிடித்தபடி அசையாமல் படுத்திருந்தாள்.

"தொடைக்காதம்மா," என்றாள், உதடு அசையாமல். "டாக்டர் இன்னும் பாக்கல."