ஆலோசனை சொல்ல வந்தவர்கள்

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று என் கணவரைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தது. போவதா வேண்டாமா என்று தெரியாமல் இவர் உறவினர்களிடம் ஆலோசனை கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பேச வேண்டிய நேரத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் கொழுந்தன் வந்தார்.

"யோசிக்கவே கூடாதுண்ணே. கண்ண மூடிட்டுக் கெளம்பிடு" என்றார். பிறகு எங்கள் பிரிட்ஜைத் திறந்து கதவின் ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் முடிவே பண்ணலடா."

"அதான் சொல்றேன். முடிவு பண்ணினா ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. அண்ணி, இது நமக்குத்தானே?"

"சரி" என்றேன். எனக்குச் சட்டென்று வரும் ஒரே சொல் அது.

அடுத்து இவருடைய பெரியப்பா. அந்நிய ஊரில் அநாதையாக நிற்கக் கூடாது என்று காபி ஆறும்வரை பேசினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வாஷிங் மெஷின் எப்போது வாங்கியது என்று விசாரித்தார். புதுசு என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"கொழந்தையோட எதிர்காலத்தையும் பாக்கணும் இல்லப்பா?"

அதற்கும் சரி என்றேன்.

சோபாவை இவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், ஆள் வைத்து எடுத்துப்போனார். வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு. பொருந்திவிட்டது.

வெறும் தரையில் படம் வரைந்துகொண்டிருந்த என் மகள் தலை நிமிர்ந்து, "அம்மா, என்னை யாரு கேட்டிருக்காங்க?" என்றாள்.

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தெருக் குழாய்களிலிருந்து பாட்டில்களில் தண்ணீர் வரும். வடிகட்டி, தட்டில் பரப்பி, சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் கிருமிகள் வளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். சமீபத்தில்தான் கையெழுத்துப் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. வீட்டில் வாய் திறக்காத நான் 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதினால் ஒரு தெருவுக்கே குழாயை அடைப்பார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. போகிற நாட்டில் என் பட்டம் செல்லாதாம். சாயங்காலம் மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல இவர் அதைச் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தன் மகளோடு மறுபடி வந்தார். வீட்டில் எடுப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஏம்மா, நம்ம பொண்ணும் சயின்ஸ்தான் படிச்சிருக்கா. சும்மாதான் இருக்கா. நீ எப்படியும் போகப்போறே. உன் வேலைய இவளுக்குச் சொல்லி வெச்சுட்டுப் போயேன். வெளியாளுக்கு எதுக்குப் போகணும்?"

"அதுக்கென்னக்கா, சொல்லிடுவா" என்றார் இவர்.

அந்தப் பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. என் 'சரி' வந்து சேரும் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

"தர மாட்டேன்" என்றேன்.

"என்னது?"

"வேலைய தர மாட்டேன், அண்ணி. நான் அதுலதான் இருக்கப்போறேன். நானும் கொழந்தையும் வரல."

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். "என்னடா இது? இவ உன்கிட்ட சொல்லவே இல்லயா?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "நான் கேக்கலக்கா."

"இனிமே கேட்டு என்ன பண்றது? தம்பி குடும்பமே வெளிநாட்டுக்குப் போகுதுன்னு இவளப் பாக்க வர்ற மாப்பிள்ளை வீட்ல சொல்லிட்டேனே! என் மானம் என்ன ஆகறது?"

அவர்கள் போன பிறகு இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் மட்டும் போகட்டுமா?"

"வேண்டாம். நீங்க இல்லாம எனக்குக் கஷ்டமா இருக்கும்."

எதையும் எதிர்பார்க்காமல் ஒருவர் ஆலோசனை சொன்னது இவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். இல்லை, எதிர்பார்த்துத்தான் சொன்னேன். எப்படியோ, தலையாட்டினார்.

நிறுவனத்துக்கு மறுப்பு எழுத இவருக்கு இரண்டு வரி போதுமானதாக இருந்தது. அவர்களும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். உறவினர்களிடம் யார் சொல்வது, பொருள்களை யார் திருப்பிக் கேட்பது என்பதில்தான் சிக்கல். இவர் போனை எடுப்பார், வைப்பார், தண்ணீர் குடிப்பார்.

கடைசியில் போனை நானே வாங்கிக் கொழுந்தனின் எண்ணைத் தேடினேன்.

"கொஞ்சம் பாத்துப் பேசு" என்றார் இவர், பயத்துடன்.