முதலிடத்தில் பெனடிக்ட்

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் எழுதிய ஒரு பட்டியல். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து வரும் ஒரு சின்ன இசைப் பத்திரிகை, எனக்குப் பிடித்த ஐந்து கீபோர்டு கலைஞர்களைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டது. ஐந்து பேரும் அனலாக் சிந்தசைசரில் சோலோ வாசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. என் பெயர் லிசி. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மீதி நேரத்தில் கதை எழுதுவேன், கீபோர்டு விஷயமாக யாருடனாவது சண்டை போடுவேன். இரண்டு பக்கம் கேட்டவர்களுக்கு ஆறு பக்கம் அனுப்பினேன். பாவம், போட்டார்கள்.

(அனலாக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இப்போதைய கீபோர்டில் வயலின் பொத்தானை அழுத்தினால், யாரோ எங்கேயோ வாசித்துப் பதிந்துவைத்த வயலின் வரும். அனலாக்கில் எதுவும் பதிந்துவைக்கப்படவில்லை. உள்ளே ஓடும் மின்சாரமே ஒலி. குமிழைத் திருகினால் அது சிணுங்கும், அழும், தொண்டை கட்டிக்கொள்ளும். இடப்பக்கம் ஒரு சின்ன வீல் உண்டு. அதை உருட்டினால் சுரம் வளையும். பாடம் முடிந்தது.)

2

கதையின் முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"காவிரியில் தண்ணீர் வந்த அன்று, மலைக்கோட்டைக்குப் பின்னால் சூரியன்..." வேண்டாம். திருச்சிக் கதை என்றால் இரண்டையும் சொல்லியாக வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டேன், இனி அந்தத் தொல்லை இல்லை.

"பெனடிக்ட்டின் விரல்கள் மெலிந்து, நீண்டு..." பொய். குட்டையான, தடித்த விரல்கள். திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக உதிரிபாகங்களின் அளவு சரிபார்க்கிறார். ஒரு முடியளவு கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம். அங்கே அவரைக் கண்டால் பலருக்கு ஆகாது.

"பெனடிக்ட் என்னிடம், தன்னை முதலிடத்திலிருந்து எடுத்துவிடும்படி கேட்டார்." இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

பட்டியல் இதுதான். ஐந்தாவது அற்புதசாமி. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு குமிழை மட்டும் திருகுவார். அதற்குள் நமக்கு முழுப்படம் பார்த்த களைப்பு வந்துவிடும். நான்காவது மருங்காபுரி வீரமலை. அவர் சுரம் விட்டுச் சுரம் வழுக்கும்போது, பக்கத்தில் நாகஸ்வரக்காரர் இருக்கிறாரா என்று ஜனம் எட்டிப் பார்க்கும். மூன்றாவது பிரிட்டோ. வேகமோ வேகம். எனக்கு வேகம் பிடிக்காது, பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். (ஆசிரியர் அவர்களே, இந்த வரியை வெட்ட வேண்டாம்.) இரண்டாவது ராசாத்தி. கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார், தப்பான இடத்தில் நிறுத்துவார், அந்த இடம் சரியானது என்று நமக்கு மறுநாள் புரியும்.

முதலிடம் பெனடிக்ட். ஒரே ஒரு சோலோவுக்காக.

மூன்று வருடத்துக்கு முந்தைய மே மாதம், அவர் ஊர் மாதா கோயில் திருவிழா. மாலைத் தேர் சுற்றி வந்ததும் மெல்லிசைக் கச்சேரி. அவர் மனைவி பேட்ரிசியா பாடிக்கொண்டிருந்தார். சரணத்துக்கு முன்னால் பெனடிக்ட் நான்கு நிமிடம் வாசித்தார். ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் கீழே தொடங்கி, தயங்கி, எம்பி, தன் இடத்தைப் போய்த் தொட்டது. தொட்ட பிறகும் நடுங்கியது. நான் அழுதுவிட்டேன். அன்று அழுவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. மதியம் சாப்பிட்ட பிரியாணிகூட நன்றாகவே இருந்தது. எப்படியோ போனில் வீடியோ எடுத்து, பிறகு இணையத்திலும் போட்டுவிட்டேன்.

4

பட்டியல் வெளிவந்து பத்தாம் நாள் ஹரிஹரசுதன் என்பவர் எனக்குப் போன் செய்தார். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார், கணினி வேலை, வீடு நிறைய பழைய சிந்தசைசர்கள்.

"மேடம், நீங்க போட்ட வீடியோவ நாப்பது தடவையாவது பாத்திருப்பேன். சார இங்க கூட்டிட்டு வாங்க. எங்க மாதிரி பைத்தியங்க ஒரு அறுபது பேர் இருக்கோம். அதே சோலோவ நேர்ல கேக்கணும்."

"கேட்டுச் சொல்றேங்க."

"ஹால் ஃபுல் ஏ.சி. மேடம். மெஷினுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

பெனடிக்ட் உடனே சம்மதித்தார். இருபது வருடமாக மேடையில் கைதட்டல் எல்லாம் பாடுபவர்களுக்கே போயிருக்கிறது. முதல் முறையாக அவரை, அவரை மட்டும், கேட்க ஆள் வருகிறது. பேட்ரிசியா பெரிய கடைவீதிக்குப் போய் அவருக்கு ஒரு நீலச் சட்டை வாங்கினார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதனால் கதைக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

5

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் அவர் வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். மெஷின் கட்டிலை ஒட்டி இருந்தது. பெனடிக்ட் அதன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"லிசி, என்னைய முதலிடத்துலேர்ந்து எடுத்துருங்க."

"ஏன் அண்ணே?"

"அது சோலோவே இல்ல. தப்பு."

நடந்ததைச் சொன்னார். அனலாக் மெஷினில் சூடு மாறினால் சுருதியும் மாறும். வாசிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே போட்டு, அது ஒரு நிலைக்கு வந்த பிறகு சுருதி சேர்ப்பது அவர் வழக்கம். அதுவரை யாரையும் கிட்டே விடமாட்டார்.

"அன்னிக்கும் போட்டு வச்சிட்டுத்தான் தேருக்குப் பின்னாடி போனேன். தேர்ல சீரியல் செட் எரியலன்னு எலக்ட்ரீஷியன் என் ப்ளக்கப் புடுங்கிட்டாரு. வந்து பாத்தா மெஷின் ஆறிக் கெடக்கு. மாட்டுனேன். அதுக்குள்ள இவ பாட ஆரம்பிச்சுட்டா. பக்கத்துலயே பெரிய ஃபோகஸ் லைட்டு. சூடு ஏற ஏறச் சுருதி எறங்கிட்டே போவுது. ஒவ்வொரு சுரமும் கீழ வுழுது, நான் வீலப் புடிச்சு மேல தூக்கி விடறேன். நாலு நிமிஷமும் அந்த வேலதான்."

"அதான் அண்ணே அவ்வளவு நல்லா இருந்துச்சு."

"நான் தப்பத் திருத்திட்டு இருந்தேன். நீங்க அழுதேன்னு எழுதியிருக்கீங்க. படிக்கவே கூச்சமா இருக்கு."

இப்போது வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். விதிப்படி அரைமணி சூடேறி, சுருதி சேர்ந்த மெஷின். சுரங்கள் வரிசையாக வந்து நின்றன, பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கும் பிள்ளைகளைப் போல. ஒன்றுகூட நடுங்கவில்லை.

"வீல உருட்டுங்க அண்ணே, வேணும்னே."

"சரியா இருக்கற சுருதிய எதுக்கு வளைக்கணும்? கை போவ மாட்டேங்குது லிசி."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. அழுததை வைத்து ஒருவரை முதலிடத்தில் உட்கார்த்தி, இப்போது அறுபது பேர் முன்னால் அவரை மாட்டிவிட்டிருக்கிறேன். ஆனால் பட்டியலை மாற்றவும் மனமில்லை. நான் அழுதது உண்மை. அதற்கு எப்படித் திருத்தம் போடுவது?

5-அ

(இந்த இடத்தில் பேட்ரிசியா கதைக்குத் தேவையா என்று சந்தேகம் வந்தது. சட்டை வாங்கியதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது, மூன்றாவது முடிவுக்கு அவர் இல்லாமல் ஆகாது என்று தெரிந்தது. இருக்கட்டும்.)

6

முடிவு ஒன்று: பெனடிக்ட் ஹாலில் ஏ.சி.யை நிறுத்தச் சொல்கிறார். ஃபோகஸ் லைட்டைப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். அறுபது பேரும் வியர்த்து வழிய, மெஷின் சூடேற, சோலோ பிறக்கிறது. (விபத்துக்கு ஏற்பாடு செய்தால் அது எப்படி விபத்தாகும்? இந்த மனிதர் அதற்கும் அளவு குறித்துவைப்பார்.)

முடிவு இரண்டு: மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்கிறார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். (கதையில்தான் தட்டுவார்கள். நிஜத்தில் பாதிப் பேர் போனை எடுத்துப் பார்ப்பார்கள்.)

முடிவு மூன்று: பேட்ரிசியா மேடையேறிப் பாடுகிறார். சோலோ தொடங்கும் இடத்தில் நிறுத்தாமல், ஹம்மிங்கைத் தொடர்ந்தபடி வேண்டுமென்றே சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார். மனைவியைத் தனியே விட மனமில்லாமல் பெனடிக்ட்டின் கை வீலைத் தேடிப் போகிறது. (இதை எழுதி முடித்ததும் எழுந்து போய் ஒரு காபி போட்டுக் குடித்தேன். அவ்வளவு திருப்தி.)

7

சனிக்கிழமை மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவதைப் படித்ததும் பேட்ரிசியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"நான் சுருதி எறக்கிப் பாடறேனா? கொயர்ல இருவத்திரண்டு வருஷமாப் பாடறேன் லிசி. ஃபாதரே பூசையில ஒரு கட்டை எறங்குவாரு, நான் எறங்கினதில்ல."

"கதைக்காக அண்ணி."

"எந்தக் கதைக்காகவும் எறங்க மாட்டேன். அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போடு."

அந்த வாரம் முழுக்கச் சிரிக்காத பெனடிக்ட் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த தாள்களை வாங்கி, அடுக்கி, ஓரம் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"முடிவ எழுதாதீங்க லிசி."

"ஏன் அண்ணே?"

"நீங்க ஒரு பட்டியல் எழுதினீங்க. அதுலேர்ந்து அந்த நாலு நிமிஷத்தயே திரும்பத் திரும்ப வாசிச்சுப் பாக்கறேன், வர மாட்டேங்குது. இப்ப முடிவும் எழுதிட்டீங்கன்னா நாளைக்கு அதத்தான் வாசிக்கப் பாப்பேன். அன்னிக்கு அடுத்த சுரம் எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியாது லிசி. பயந்துக்கிட்டேதான் வாசிச்சேன். நாளைக்கும் தெரியாமயே போறேன்."

"முதலிடம்?"

"அது உங்க பாடு."

8

இன்று ஞாயிறு. ஸ்ரீரங்கத்தில் ஹரிஹரசுதனின் ஹால். கடைசி வரிசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாற்காலிகள் நிரம்பிவிட்டன, ஏ.சி. பலமாக ஓடுகிறது. பேட்ரிசியா முதல் வரிசையில் இருக்கிறார், மேடைக்குப் போகிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. பெனடிக்ட் நீலச் சட்டையில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சுருதி சேர்த்துவிட்டார். இடது கை வீலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மேலே வைத்திருக்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை.

நன்றாக வாசிப்பார் என்று ஒரு வரி எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் அதையும் அவர் வாசித்தாக வேண்டும். அவர் வலது கையைத் தூக்கிவிட்டார், நான் பேனாவை மூடு...