முதல் வாய்ப்பை விட்டுக்கொடுத்த மேனேஜர்

அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாள். பஃபலோ அணியின் புது மேனேஜர், நட்சத்திர வீரரை எடுக்கக்கூடிய முதல் வாய்ப்பை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பேர் தெரியாத இரண்டு தடுப்பாட்டக்காரர்களை எடுத்தார். டிவியில் அதைப் பார்த்த பஃபலோ நகரத்து மதுக்கடை கொதித்தது.

"வெண்ணெய வித்து மோர் வாங்கிட்டு வந்திருக்கான்!" என்று கத்தினான் பஸ் ஓட்டும் கர்டிஸ்.

அவன் அக்கா லொரெய்ன் கோழி இறக்கையைக் கடித்தபடி, "போடா! பந்து எறியுறவன நாலு பேரு அமுக்குறப்ப ஸ்டார வச்சு என்ன பண்றது? மறிக்க ஆள் வேணும்டா" என்றாள். கடையே அவளைக் கேலி செய்தது.

ஜனவரிப் பனியில், அக்காவும் தம்பியும் அரங்கில் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தில், பந்து எறிபவரை யாரும் நெருங்காதபடி அந்த இருவரும் மலைபோல் மறித்து நிற்க, கடைசி நிமிடத்தில் அணி ஜெயித்தது. கர்டிஸ் அக்காவைத் தூக்கிச் சுற்றினான். "எங்கக்கா அன்னிக்கே சொன்னா!" என்று அரங்கமே திரும்பிப் பார்க்கக் கூவினான். லொரெய்னுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.